மலைக்குப் பயன்பட்ட சந்தனம்

பெரியம்மா இறந்த பிறகு அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு வெள்ளைப் புடவைகள், ஒரு பைபிள், பதிவுச் சான்றிதழ், துருப்பிடித்த கத்தரிக்கோல் ஒன்று. அவற்றுக்கு அடியில் காயத்துக்குக் கட்டும் துணிச்சுருளால் கட்டிவைத்த ஒரு சிறு கட்டு. பிரித்தேன். மணியார்டர் ஒப்புகைச் சீட்டுகள். 1974 ஜூலை தொடங்கி 1984 பிப்ரவரி வரை 112 சீட்டுகள். இடையில் நான்கு மாதங்களுக்கு மட்டும் இல்லை. ஒவ்வொன்றிலும் பணம் கிடைத்ததற்கு அடையாளமாகத் தாத்தாவின் நடுங்கும் கையெழுத்து.

பெரியம்மா 1971இல், பதினெட்டு வயதில், கல்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சென்னைக்கு வந்தார். அப்போது நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. திருநெல்வேலிவரை பேருந்து, அங்கிருந்து எழும்பூர் ரயில். மூன்றாண்டுப் பயிற்சி, பிறகு வேலை. வேலை கிடைத்த முதல் மாதத்திலேயே மணியார்டர் தொடங்கிவிட்டது. அந்தப் பணத்தில் கூரைவீடு ஓட்டுவீடானது. இரண்டு தங்கைகளுக்குச் சீதனம் கொடுக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் என் அம்மா. நான் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோது கட்டணம் கட்டியதும் பெரியம்மாதான்.

அந்தச் சீட்டுகளைக் கையில் வைத்திருந்தபோது வகுப்பில் ஆண்டுதோறும் நான் நடத்தும் ஒரு கலித்தொகைப் பாடல் நினைவுக்கு வந்தது. காதலனோடு ஊரைவிட்டுப் போன மகளைத் தேடிச் செவிலித்தாய் பாலை வழியில் நடக்கிறாள். எதிரே முக்கோல் ஏந்திய துறவியர் வருகிறார்கள். என் மகளைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். கண்டோம் என்கிறார்கள். கூடவே ஆறுதலும் சொல்கிறார்கள். சந்தனம் பூசிக்கொள்பவருக்குத்தான் பயன்படும், பிறந்த மலைக்கு அல்ல. முத்தும் அப்படித்தான், யாழில் பிறக்கும் இசையும் அப்படித்தான். உன் மகளும் அப்படித்தான் என்று.

பெண் பிறந்த வீட்டுக்குப் பயன்படமாட்டாள் என்ற கருத்தை இவ்வளவு அழகாகச் சொன்ன இன்னொரு பாடல் தமிழில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதன் அழகில் மயங்கிப் பல ஆண்டுகள் அந்தக் கருத்தைக் கேள்வி கேட்காமலே நடத்தியிருக்கிறேன். பெட்டியிலிருந்த 112 சீட்டுகள் துறவியருக்கு வேறு பதில் சொல்கின்றன. இங்கே சந்தனம் மாதம் தவறாமல் மலைக்குத்தான் பயன்பட்டிருக்கிறது.

நர்ஸ் என்பதற்குத் தமிழ்நாட்டில் அரசும் பத்திரிகைகளும் இன்று எழுதும் சொல் செவிலியர். சங்க இலக்கியத்திலிருந்து எடுத்த சொல். ஆனால் அந்தச் செவிலி யார்? தலைவியை வளர்ப்பவள். தொல்காப்பியம் சொல்லும் உறவுமுறைப்படி தோழி இந்தச் செவிலியின் மகள். அப்படியானால் செவிலிக்குச் சொந்த மகள் உண்டு. ஆனால் அவள் அழுவதும் தேடுவதும் பெரிய வீட்டு மகளுக்காக மட்டுமே. அவளுக்குப் பெயர் கிடையாது. அவளுடைய வீடு எது என்று எந்தப் பாட்டும் சொல்வதில்லை. பிறருடைய உடம்பைப் பேணுகிறவளுக்குத் தன் கதை இருக்க வேண்டியதில்லை என்று அந்த மரபு எண்ணியது போலும். மலேசியாவிலும் இலங்கையிலும் வழங்கும் தாதி என்ற சொல்லுக்கு வேலைக்காரி, அடிமைப்பெண் என்ற பொருளும் உண்டு. மருத்துவமனைக்குள் நாம் சிஸ்டர் என்று கூப்பிடுகிறோம். இலங்கைத் தமிழர் மிஸ்ஸி என்கிறார்கள். எல்லாமே முறைப்பெயர்கள், பணிப்பெயர்கள். வார்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர்கள்கூடத் தம்மைப் பார்த்துக்கொண்ட நர்ஸின் பெயரைச் சொல்லத் திணறுவதைக் கண்டிருக்கிறேன்.

செவிலியிடம் ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கும். பாலை வழியில் தலைவி ஆணின் துணையோடு நடக்கிறாள். துணையின்றி வழியில் இறங்கி, எதிர்ப்படும் அந்நியரிடம் பேசுகிறவள் செவிலிதான். தனியாக நடக்கும் பெண் என்ற பொருளில் அந்தச் சொல் நர்ஸுகளுக்குப் பொருந்துகிறது என்று இப்போது தோன்றுகிறது.

இந்தத் தொழிலுக்கு முதலில் வந்தவர்கள் யார் என்று பார்த்தால் சாதியைத் தாண்டிப் போக முடியாது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியது. 1885இல் கோஷா பெண்களுக்கென்று தனி மருத்துவமனை வந்தது. அதற்குக் காரணமாக இருந்த மேரி ஷார்லீப், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர். டாக்டராவதற்குப் பெண்கள் கல்லூரிக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. நர்ஸ் வேலைக்கோ ஆள் கிடைக்காமல் திண்டாடினார்கள். அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவது, மலமும் சீழும் இரத்தமும் துடைப்பது, இரவில் வெளியே இருப்பது ஆகிய மூன்றும் மேல்சாதி வீடுகளுக்கு ஆகாதவை. ஊரில் பிரசவம் பார்த்தவர் நாவிதர் குடும்பத்து மருத்துவச்சி. அவர் கை இல்லாமல் யாரும் பிறக்கவில்லை, ஆனால் அவர் வந்துபோன இடத்தைக் கழுவிவிட்டார்கள். அந்த வேலைக்கு வெள்ளை உடுப்பும் சான்றிதழும் வந்தபோதும் தீட்டு முழுதாகப் போய்விடவில்லை. ஆகவே ஆங்கிலோ இந்தியப் பெண்களும், மிஷன் பள்ளிகளில் படித்த இந்தியக் கிறித்தவப் பெண்களும், விதவைகளும் இதற்கு வந்தார்கள்.

எங்கள் மாவட்டம் இவ்வளவு நர்ஸுகளை அனுப்பியதற்கும் இதுவே காரணம். நெய்யூரில் லண்டன் மிஷன் 1838இலேயே மருத்துவப் பணியைத் தொடங்கிவிட்டது. எவரெஸ்ட் ஏறப் போன குழுவிலிருந்த டாக்டர் சோமர்வெல் 1920களிலிருந்து அங்கே பணியாற்றினார். அவரைப் பற்றி ஊரில் இன்றும் கதைகள் சொல்கிறார்கள். அவர் அறுவை செய்த நோயாளிகளுக்கு இரவெல்லாம் விழித்திருந்த பெண்களைப் பற்றி யாரும் கதை சொல்லி நான் கேட்டதில்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1918இல் தொடங்கிய அவருடைய பெண்கள் மருத்துவப் பள்ளிக்கு ஒன்பதாண்டுகள் முந்தியது அது.

இதே நாஞ்சில் நாட்டு மண்ணில் நாடார் பெண்கள் தோள்சீலை அணிய 1859 வரை போராட வேண்டியிருந்தது. சாலையில் போகும் பெண்ணின் சீலையைக் கிழித்த ஊர் இது. பெரியம்மாவின் பாட்டிக்குப் பாட்டி அந்தக் காலத்தவராக இருந்திருப்பார். கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவையில் பெரியம்மா எடுத்துக்கொண்ட ஒரே ஒரு ஸ்டூடியோப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்தப் புடவையைப் பணிவின் அடையாளம் என்று மட்டும் படிக்க எனக்கு மனம் வரவில்லை. அதைக் கட்டிக்கொண்டு அவர் நேராகக் காமிராவைப் பார்க்கிறார்.

நாட்டுக்கு நர்ஸுகள் எவ்வளவு தேவைப்பட்டார்கள் என்பதற்குப் போர் குழு அறிக்கை சான்று. 1946இல் வெளிவந்த அந்த அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்குச் சொன்னது. டாக்டரோ 6,300 பேருக்கு ஒருவர். அதாவது டாக்டர்களைவிட நர்ஸுகள் மிகக் குறைவு. சென்னை மாகாணத்தில் 1926லேயே நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவுசெய்யச் சட்டம் இருந்தது. 1947இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் வந்தது. பாடத்திட்டம், பதிவு, தேர்வு எல்லாவற்றுக்கும் விதிகள் வந்தன. ஊரிலிருந்து வரும் பதினெட்டு வயதுப் பெண் இந்த நகரத்தில் எங்கே, எப்படி வாழ்வாள் என்பதை விடுதி வார்டனிடம் விட்டுவிட்டார்கள்.

பெரியம்மா இருந்த விடுதியின் கதவு மாலை 6.30க்கு மூடும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வெளியே போக அனுமதிச் சீட்டு உண்டு. சீட்டில் போகும் இடம், உடன் வருபவர் பெயர் எழுத வேண்டும். பார்க்க வருகிறவர் அப்பாவோ அண்ணனோதான் என்று வார்டனுக்குத் தெரிய வேண்டும். கடிதங்கள் சில சமயம் பிரித்த நிலையில் வரும். தலைமுடி கொண்டையாகத்தான் இருக்க வேண்டும். பூ கூடாது. “மெரினாவ நான் முதல்ல பார்த்தது வந்து எட்டு மாசம் கழிச்சு. அதுவும் வரிசையாக் கூட்டிட்டுப் போனாங்க மக்கா, பள்ளிக்கூடப் பிள்ளையளப் போல” என்று சிரிப்பார்.

ஆனால் அதே பெண் இரவு எட்டு மணிக்கு வார்டில் இருப்பாள். ஆண்கள் வார்டு. அறுபது நோயாளிகள், கூட ஓர் ஆயா. டாக்டர் வேறு கட்டடத்தில். குடித்துவிட்டு வரும் உறவினர், சாகக் கிடப்பவரின் மகன்கள், அர்த்தராத்திரியில் வரும் போலீஸ் எல்லாரையும் அவள் தனியாகச் சமாளிக்க வேண்டும். மாலை 6.30க்கு மேல் தெருவில் நடக்க வயது போதாது என்று பூட்டிய பெண்ணிடம் அறுபது உயிர்களை விடியும்வரை ஒப்படைத்தார்கள். இந்த முரண்பாட்டை நிர்வாகம் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அவளைப் பூட்டி வைத்ததற்குப் பாதுகாப்பு என்று பெயர் சொன்னார்கள். அவளுடைய பாதுகாப்பு உண்மையிலேயே தேவைப்பட்ட இடம் மருத்துவமனைக்கு உள்ளே இருந்தது.

அதற்கு அருணா ஷான்பாக்கைவிடக் கொடிய சான்று வேண்டாம். வடகன்னட மாவட்டத்து ஹல்திப்பூரிலிருந்து பம்பாய்க்கு வந்தவர். கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸ். அதே மருத்துவமனை டாக்டர் ஒருவரோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. 1973 நவம்பர் 27 அன்று பணி முடிந்து உடை மாற்ற அடித்தளத்து அறைக்குப் போனபோது, அங்கே வேலை செய்த ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை நெரித்து வன்கொடுமை செய்தான். அப்போது அவருக்கு வயது 25. மூளைக்கு இரத்தம் போகாமல் நினைவிழந்தவர் பிறகு எழவே இல்லை. கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும் வழக்கு நடந்தது. பாலியல் வன்கொடுமை குற்றப்பத்திரிகையில் ஏறவில்லை. நிச்சயமான பெண்ணின் மானம் என்ற பேச்சு அங்கேயும் குறுக்கே நின்றது. குற்றவாளி ஏழாண்டுத் தண்டனையோடு வெளியே வந்துவிட்டான்.

அருணா நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவமனையின் படுக்கையில் கிடந்தார். 2015 மே 18 அன்று இறந்தார். அவ்வளவு காலமும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டவர்கள் அங்கிருந்த நர்ஸுகள். அவரை அறியாத அடுத்தடுத்த தலைமுறை நர்ஸுகளும் அதைச் செய்தார்கள். அவரை அங்கிருந்து வெளியேற்ற மாநகராட்சி முயன்றபோது வேலைநிறுத்தம் செய்து தடுத்தார்கள். அவருக்கு ஊட்டுவதை நிறுத்தி இறக்கவிட வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில் 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரானியை அருணாவின் நெருங்கிய தோழியாக அது ஏற்கவில்லை. அந்த இடத்தை மருத்துவமனை ஊழியர்களுக்குத்தான் தந்தது. அருணா வாழ வேண்டுமா என்ற கேள்வியில் பெண்ணியவாதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, எனக்குள்ளும் உண்டு. ஆனால் ஊர்விட்டு நகரத்துக்கு வந்த நர்ஸுக்கு உறவு யார் என்ற கேள்விக்கு ஒரு நீதிமன்றம் “கூட வேலை செய்தவர்கள்” என்று ஒப்புக்கொண்டது சிறிய செய்தி அல்ல.

அந்தச் செய்தியைப் படித்த நாளில் பெரியம்மா தன் கதை ஒன்றைச் சொன்னார். அவர் வேலை பார்த்த இடத்திலும் உடை மாற்றத் தனி அறை கிடையாதாம். பண்டகசாலையின் பின்புறம் இரண்டு பேர் புடவையைத் திரையாகப் பிடித்துக்கொள்ள மூன்றாமவர் மாற்றுவாராம். “கேட்டா, வீட்டுலயிருந்தே மாத்திட்டு வாங்கன்னு சொல்லுவாவ. எங்க வீடு எங்க இருக்கு?”

அடுத்தது திருமணம். தமிழ் சினிமாவில் நர்ஸ் என்றால் என் தலைமுறைக்கும் முதலில் நினைவுக்கு வருவது ‘பாலும் பழமும்’ சாந்தி. 1961இல் வந்த படம். டாக்டரை மணக்கும் நர்ஸ், காசநோய் வந்ததும் கணவனின் ஆராய்ச்சி கெடக்கூடாதென்று விலகிப் போகிறாள். பார்வை இழந்த அவனுக்கு, யாரென்று சொல்லாமல், வேறு பெயரில் நர்ஸாகத் திரும்பி வருகிறாள். தன் வீட்டிலேயே வேலைக்காரியாக நுழைகிறாள். அரங்கம் முழுக்க அழுதது. மனைவி என்ற இடத்தை இழந்து, சேவை என்ற இடத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் பெண்ணைக் கண்டு அழுவது எளிது. திருமணம் செய்துகொண்டு வேலையிலும் இருப்பேன் என்று ஒரு நர்ஸ் சொன்னால் என்ன நடக்கும்?

செலினா ஜான் அப்படித்தான் நின்றார். ராணுவச் செவிலியர் பணியில் லெப்டினென்ட். ராணுவ அதிகாரி ஒருவரை மணந்துகொண்டதற்காக 1988இல் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். திருமணம் செய்தால் வேலை போகும் என்ற விதி பெண் செவிலியருக்கு மட்டும் இருந்தது, 1977ஆம் ஆண்டின் உத்தரவு அது. 1995இல் திரும்பப் பெற்றார்கள். அவர் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 2024 பிப்ரவரியில். ஆணாதிக்க விதி என்று கண்டித்த நீதிமன்றம் 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஒரு பெண்ணின் பணிக்காலம் முழுவதும் வழக்கிலேயே கழிந்த பிறகு வந்த நீதி.

பெரியம்மாவுக்குத் திருமணம் ஆகவில்லை. விதி எதுவும் தடுக்கவில்லை. அவருக்கு மாப்பிள்ளை பார்க்க வீட்டில் அவசரம் காட்டவில்லை, அவ்வளவுதான். முதல் தங்கைக்கு முடியட்டும், அடுத்தவளுக்கு முடியட்டும், தம்பி படித்து முடிக்கட்டும் என்று மணியார்டர் போய்க்கொண்டிருந்தது. பிறகு வந்த ஒன்றிரண்டு சம்பந்தங்களில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டது: “நைட் டியூட்டி எல்லாம் உண்டா?” சம்பளம் எவ்வளவு என்பதையும் அதே மூச்சில் கேட்டார்கள்.

1984 மார்ச்சில் தாத்தா இறந்தார். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. அங்கே 1916இல் வந்த கிறித்தவ வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாதபோது மகளுக்கு மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951இலிருந்தே செல்லாது என்றது. தீர்ப்பு வந்ததே எங்கள் வீட்டில் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். பெரியம்மாவின் சம்பளத்தில் எழுந்த ஓட்டுவீடு மாமா பெயரில் பத்திரமானது. “அவன் ஆம்பள. அவனுக்குத்தான வேணும்” என்று ஆச்சி சொன்னதை அம்மா இன்றும் சொல்வார். தன் சீதனம் யார் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

பணி ஓய்வுக்குப் பிறகு பெரியம்மா சென்னையில் வாடகைக்கு வீடு தேடினார். கையில் ஓய்வூதியம், நாற்பதாண்டு நகரப் பழக்கம். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு இல்லை என்று ஐந்து இடங்களில் சொல்லியிருக்கிறார்கள். ஆறாவது வீட்டுக்காரர், அவர் ஒரு காலத்தில் பார்த்துக்கொண்ட நோயாளியின் மகன்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2011இல் மும்பைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் கேரளத்து இளம் நர்ஸ் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். ஒப்பந்தம் முடியாமல் போனால் மூலச் சான்றிதழைத் தர மாட்டோம் என்ற நடைமுறையை அந்தச் சாவு ஊரறியச் செய்தது. அடுத்து எழுந்த போராட்டங்களில் தென்னிந்திய நர்ஸுகள் முன்னின்றார்கள். 2016இல் உச்ச நீதிமன்றத்தின் சொற்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனைகளில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. இங்கே நம் அரசு 2015இல் தேர்வு வைத்து எடுத்த நர்ஸுகளுக்குக் கொடுத்த தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிரந்தரமாக்குவோம் என்ற வாக்கை நம்பி வந்தவர்கள் 2017 நவம்பர் இறுதியில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்திருந்தவர்களும் உண்டு. கொரோனாக் காலத்தில் அவசரமாக எடுத்த 2,000க்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்ஸுகளை 2022 டிசம்பர் 31 அன்று போதும் என்று அனுப்பிவிட்டார்கள். தட்டு தட்டி, விளக்கேற்றி, பூத்தூவி வணங்கியவர்களைத்தான் அனுப்பினோம். பெண்ணை அம்மா என்றும் சகோதரி என்றும் தேவதை என்றும் கூப்பிடும்போதெல்லாம் சம்பளச் சீட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சென்ற பருவத்தில் அந்தக் கலித்தொகைப் பாடலை நடத்தும்போது சீட்டுக்கட்டை வகுப்புக்கு எடுத்துப் போனேன். உங்கள் குடும்பத்தில் ஊர்விட்டுப் போய் நர்ஸாக வேலை பார்த்தவர் உண்டா என்று கேட்டேன். ஏழு கைகள் உயர்ந்தன. அவர் எங்கே தங்கினார், பணம் எங்கே போனது, இப்போது யார் வீட்டில் இருக்கிறார் என்று கேட்டு எழுதிவரச் சொன்னேன். பெண்களின் வரலாற்றை எழுத ஆவணம் இல்லை என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். ஆவணம் பல வீடுகளின் பெட்டிகளுக்குள் கிடக்கிறது.

முன்வரிசை மாணவி ஒருத்தி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மேம், இதுல அவங்க அட்ரஸும் இருக்கு” என்றாள். அதுவரை நான் தாத்தாவின் கையெழுத்தைத்தான் பார்த்திருந்தேன். ஒப்புகைச் சீட்டு அனுப்பியவருக்கே திரும்பி வர வேண்டுமல்லவா? அதனால் ஒவ்வொன்றிலும் பெரியம்மா தன் பெயரையும் முகவரியையும் தன் கையாலேயே எழுதியிருந்தார். முத்தான எழுத்து. 112 சீட்டிலும் அதே பெயர். முகவரியும் ஒன்றுதான்: செவிலியர் விடுதி. பத்து ஆண்டுகளில் அறை எண் மட்டும் நான்கு முறை மாறியிருக்கிறது.